அரிசியில் ஒருமுறை, பானையில் ஒருமுறை: வீட்டுச் சோற்றுக்குக் கலோரிக் கணக்கு

"மதியம் 150 கிராம் சாதம்" என்று ஒரு சீட்டில் எழுதியிருந்தால் அதை அரிசியாக அளப்பதா, சோறாக அளப்பதா? 150 கிராம் அரிசியில் ஏறக்குறைய 525 கலோரி இருக்கிறது. 150 கிராம் சோற்றில் 190 அளவுதான். ஒரே வேளையில் 335 கலோரி வித்தியாசம். என் கணவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த பிறகு ஒரு மருத்துவமனையில் கொடுத்த உணவுச் சீட்டில் இப்படித்தான் மொட்டையாக எழுதியிருந்தது. பக்கத்தில் "வெந்தது" என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் போதும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. என்னைப்போல் வீட்டில் உலை வைக்கிற எல்லோருக்கும் இந்தக் கணக்கு புரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நாங்கள் ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் இருக்கிறோம். ஐந்து பேர், ஒரே உலை. கணவர் துறைமுகத்தில் வேலை செய்கிறார். அவர் எடையைக் குறைக்க வேண்டும். மகன் கல்லூரியில் படிக்கிறான், குத்துச்சண்டை பழகுகிறான், அவன் தன் எடைப்பிரிவைத் தாண்டக் கூடாது, அதற்காகச் சாப்பாட்டைக் குறைத்துச் சோர்ந்துபோகவும் கூடாது. மகள் பள்ளிக்குப் போகிறாள், அவளுக்கு எந்தக் கணக்கும் கிடையாது, வேண்டியதைச் சாப்பிடட்டும். என் அத்தைக்குப் பல் போய்விட்டது, சோறு குழைந்திருக்க வேண்டும். இத்தனை பேருக்கும் தனித்தனியாகச் சமைத்து அளக்க எந்த வீட்டிலும் நேரம் இல்லை. ஒரு பானையில் வடித்து, ஒவ்வொருவர் தட்டிலும் எவ்வளவு அரிசி விழுந்தது என்று கண்டுபிடிக்கும் வழிதான் நமக்குத் தேவை.

அடிப்படை மிக எளிது. அரிசி வேகும்போது தண்ணீரை இழுத்துக்கொள்கிறது, எடை கூடுகிறது. தண்ணீருக்குக் கலோரி கிடையாது. ஆகவே அரிசியில் இருந்த கலோரியேதான் சோற்றிலும் இருக்கிறது, கூடுதல் எடையில் பரவி நிற்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு பரவியது என்பது உங்கள் அரிசியையும், உங்கள் பானையையும், உங்கள் கைப்பக்குவத்தையும் பொறுத்தது. "100 கிராம் சோற்றுக்கு 130 கலோரி" என்று எங்கும் எழுதியிருக்கும் எண், யாரோ ஒருவர் தன் பக்குவத்தில் வேகவைத்த சோற்றுக்கு உரியது. உங்கள் வீட்டுச் சோறு 110 ஆக இருக்கலாம், 80 ஆகவும் இருக்கலாம். அரிசிக்கு உரிய எண் அப்படி ஊசலாடுவதில்லை. பச்சரிசியோ புழுங்கலோ, ரேஷன் அரிசியோ கடையில் வாங்கிய பொன்னியோ, 100 கிராமுக்கு 350ஐ ஒட்டித்தான் இருக்கும். அசையாத எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

தேவையான பொருள் ஒன்றே ஒன்று: ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை எடை இயந்திரம். ஐந்து கிலோ வரை தாங்குவதாக வாங்குங்கள். அதில் பாத்திரத்தை வைத்துப் பொத்தானை அழுத்தினால் எண் பூஜ்யத்துக்கு வந்துவிட வேண்டும், அந்த வசதி இல்லாததை வாங்காதீர்கள். வாங்கிய அன்றே ஒரு பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, சரியாக ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றிப் பாருங்கள். ஆயிரத்தை ஒட்டி நிற்க வேண்டும். பத்து இருபது கிராம் தள்ளி நின்றால் உங்கள் அளவுக் குவளையின் பிழையாகவும் இருக்கலாம். நூறு கிராம் தள்ளினால் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆழாக்கும் படியும் சமையலுக்குச் சரி, இந்தக் கணக்குக்கு உதவாது. ஒரு ஆழாக்கில் தலைதட்டி எடுத்தால் ஒரு எடை, குவித்து எடுத்தால் வேறு எடை. மின்சாரக் குக்கருடன் வருகிற சிறிய குவளை 180 மில்லி கொள்ளும், அதில் அரிசி ஏறக்குறைய 150 கிராம் நிற்கும். இயந்திரம் வாங்கும்வரை அதை வைத்துச் சமாளிக்கலாம். வெந்த சோற்றைக் குவளையால் அளக்கவே வேண்டாம். அழுத்தி எடுப்பதற்கும் உதிர்த்து எடுப்பதற்கும் இடையே ஒரு கை சோறு வித்தியாசம் வந்துவிடும்.

அடுத்தது பானையின் எடை. இதற்கு நான் செய்த ஏற்பாட்டைச் சொல்கிறேன். எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டிக் கொடுப்பார்கள் அல்லவா? எங்கள் சோற்றுப் பானையைக் கடைக்கு எடுத்துப்போய், பெயருக்குக் கீழே அதன் எடையையும் வெட்டித்தரச் சொன்னேன். மூடி இல்லாமல் 1,150 கிராம். குக்கரின் உள்பாத்திரம், மாவு தூக்கு, குழம்புச் சட்டி எல்லாவற்றுக்கும் அப்படியே செய்துவிட்டேன். பெயர் வெட்டும் வசதி பக்கத்தில் இல்லையென்றால் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். சோறு நிறைந்த பானையிலிருந்து சோற்றைக் கொட்டி எடை போட வேண்டிய தொல்லை இதோடு போய்விடும்.

இனி உலை. அரிசியைக் களைவதற்கு முன்பு, காய்ந்த நிலையில் எடை போடுங்கள். ஊறிய அரிசி ஏற்கெனவே தண்ணீரை வாங்கிவிட்டது, அதை எடை போட்டால் கணக்கு முதல் படியிலேயே சாய்ந்துவிடும். எங்கள் வீட்டு மதிய உலைக்கு 500 கிராம் புழுங்கலரிசி. 500 கிராமுக்கு 1,750 கலோரி. வேகவைத்து, கஞ்சியை வடித்து, பானையை நிமிர்த்தி, ஆவி கொஞ்சம் அடங்கியதும் எடை இயந்திரத்தின்மேல் பிரிமணையை வைத்துப் பூஜ்யமாக்கி, அதன்மேல் பானையை வையுங்கள். பிரிமணை இல்லாமல் சுடுபானையை நேராக வைத்தால் இயந்திரம் கெட்டுப்போகும். 2,550 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பானை எடை 1,150ஐக் கழித்தால் சோறு 1,400 கிராம். 1,400ஐ 500ஆல் வகுத்தால் 2.8.

இந்த 2.8தான் எல்லாம். ஒரு கிராம் அரிசி 2.8 கிராம் சோறாகியிருக்கிறது. இனிமேல் யார் தட்டில் எவ்வளவு சோறு போட்டாலும் அந்த எடையை 2.8ஆல் வகுத்தால் அரிசியின் எடை வந்துவிடும். கணவர் தட்டில் 210 கிராம் சோறு என்றால் 75 கிராம் அரிசி, 262 கலோரி. பயிற்சி நாளில் மகன் தட்டில் 420 கிராம் என்றால் 150 கிராம் அரிசி, 525 கலோரி. தட்டை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டுச் சோற்றைப் போட வேண்டும். குழம்பை ஊற்றிய பிறகு எடை போட்டால் எந்தப் பயனும் இல்லை.

கஞ்சி வடிப்பதைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. வடித்த கஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்து போகிறது, அது உண்மை. நான் அதைக் கழிப்பதில்லை. எவ்வளவு போனது என்று வீட்டில் அளக்க முடியாது. கழிக்காமல் விட்டால் கணக்கு சற்றுக் கூடுதலாகக் காட்டும், எடை குறைக்க நினைப்பவருக்கு அதனால் கெடுதல் இல்லை. அந்தக் கஞ்சியில் உப்புப் போட்டு ஒரு குவளை குடிப்பவராக இருந்தால் கழிக்கவே கூடாது.

குக்கரில் வைத்தால் எங்கள் வீட்டில் 3.1 வருகிறது. ஊற்றிய தண்ணீரில் ஆவியாகப் போனது போக மீதி முழுவதும் சோற்றுக்குள்ளேயே நிற்பதால் எடை கூடுகிறது. அத்தைக்கென்று தனியாகக் குழைய வைக்கும் சோற்றுக்கு 4.5. இங்கேதான் எல்லோரும் கவனிக்க வேண்டும். அத்தை தட்டிலும் கணவர் தட்டிலும் 200 கிராம் சோறு இருக்கிறது. அத்தை சாப்பிடுவது 156 கலோரி, கணவர் சாப்பிடுவது 250. எடை ஒன்று, வீடு ஒன்று, அரிசி மூட்டையும் ஒன்று. கைப்பேசிச் செயலியில் "சாதம், 200 கிராம்" என்று பதிந்தால் இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். வயதானவர்கள் தட்டு நிறையச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போவதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம் என்று இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்குத் தோன்றியது. அத்தையின் குழைந்த சோற்றில் இப்போது ஒரு தேக்கரண்டி நெய்யும் கொஞ்சம் பருப்பும் தவறாமல் சேர்க்கிறேன்.

செயலியைப் பயன்படுத்துபவர்கள் சமைக்காத அரிசிக்கான பதிவைத் தேடி எடுத்து, வகுத்து வந்த அரிசி எடையைப் பதியுங்கள். ஒரே பெயரில் பத்துப் பதிவுகள் இருக்கும். 100 கிராமுக்கு 340 முதல் 370 வரை காட்டினால் அது அரிசி. 100 முதல் 140 வரை காட்டினால் அது சோறு. 200, 250 என்று காட்டுவதைத் தொடவே வேண்டாம், அதில் எண்ணெய் கலந்திருக்கிறது அல்லது யாரோ தவறாகப் பதிந்திருக்கிறார்கள். ரவை, ஓட்ஸ், சேமியா பாக்கெட்டுகளில் 100 கிராமுக்கு என்று அச்சிட்டிருக்கும் எண்ணும் உள்ளே காய்ந்த நிலையில் இருக்கும் பொருளுக்குத்தான், கிண்டிய உப்புமாவுக்கு அல்ல.

நம்பகமான அட்டவணை வேண்டுமென்றால் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள் கலவை அட்டவணையைப் பாருங்கள். அதில் ஆற்றலைக் கிலோஜூலில் கொடுத்திருக்கிறார்கள். அரிசிக்கு ஆயிரத்து நானூற்றுக்கும் மேல் எண் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 4.184ஆல் வகுத்தால் நமக்குப் பழகிய கலோரி வந்துவிடும். பாக்கெட்டில் "கிலோகலோரி" என்று போட்டிருப்பதும் நாம் பேச்சில் "கலோரி" என்று சொல்வதும் ஒன்றேதான்.

அந்த அட்டவணையைப் புரட்டினால் இன்னொன்றும் தெரியும். கேழ்வரகு, கோதுமை மாவு இரண்டும் 320 அளவு. கம்பு, சாமை, வரகு 330 முதல் 350 வரை. சோற்றை விட்டுவிட்டுச் சாமை சாப்பிட்டால் கலோரி பாதியாகிவிடும் என்று நம்பி இருமடங்கு விலை கொடுக்கிறவர்களை எங்கள் சந்தையிலேயே பார்க்கிறேன். சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல், பசி தாங்கும், நல்ல உணவுதான். ஆனால் 75 கிராம் சாமையும் 75 கிராம் அரிசியும் கலோரியில் ஏறக்குறைய ஒன்றே. அளக்காமல் தட்டு நிறையச் சாப்பிடலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பழைய சோற்றுக்கு ஒரே விதிதான்: தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பு எடை போட்டுவிடுங்கள். இரவு மிஞ்சியது 280 கிராம் என்றால் 100 கிராம் அரிசி. அதை எழுதி வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். காலையில் அது எவ்வளவு ஊறி எடை கூடியிருந்தாலும் கவலை இல்லை. மோரையும், தொட்டுக்கொள்ளும் கருவாட்டையும் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சோறு ஆறிக் குளிரும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வகையாக மாறும் என்பது உண்மைதான். அந்தப் பகுதி சிறியது. அதைக் காரணம் காட்டி நான் கலோரியைக் குறைத்துப் போடுவதில்லை.

எங்கள் பகுதியில் கூழைத் தவிர்த்துவிட்டுக் கணக்கு எழுத முடியாது. ஆடி மாதத்தில் அம்மன் கோயில்தோறும் ஊற்றுவார்கள், கோடை முழுவதும் தள்ளுவண்டியிலும் கிடைக்கும். அளப்பதற்கு மிகக் கடினமானது போலத் தோன்றும், உண்மையில் மிக எளிதானது இதுதான். 150 கிராம் கேழ்வரகு மாவு 480 கலோரி, 50 கிராம் நொய் 175 கலோரி, மொத்தம் 655. நொய்யை வேகவைத்து, புளித்த மாவைக் கரைத்து ஊற்றிக் கிளறி இறக்கினால் ஏறக்குறைய ஒரு கிலோ கெட்டிக் களி வரும். இந்த நிலையில் எடை போட வேண்டும். களி சரியாக ஆயிரம் கிராம் என்றால் 200 கிராம் உருண்டை ஒன்றுக்கு 131 கலோரி. அந்த உருண்டையை ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்தாலும் ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்தாலும் 131தான். மோர் சேர்த்தால் மோருக்கு உரியது தனி. கரைத்த பிறகு கூழை அளந்து "ஒரு டம்ளர் கூழ்" என்று பதிந்தால் இன்றைய எண்ணுக்கும் நாளைய எண்ணுக்கும் சம்பந்தமே இருக்காது. வண்டிக் கூழ் குடிக்கும்போது உருண்டையின் அளவைப் பாருங்கள், சொம்பின் அளவைப் பார்க்காதீர்கள்.

இட்லி, தோசைக்கு மாவு நிலையில் அளப்பதே நல்லது. 800 கிராம் இட்லி அரிசி 2,800 கலோரி, 200 கிராம் உளுத்தம்பருப்பு 650 கலோரி, மொத்தம் 3,450. அரைத்து முடித்ததும் மாவு தூக்கை எடை போட்டு, தூக்கின் எடையைக் கழித்தால் 2,300 கிராம் மாவு என்று வையுங்கள். ஒரு கிராம் மாவுக்கு 1.5 கலோரி. ஒரு குழியில் 50 கிராம் மாவு ஊற்றினால் இட்லி ஒன்றுக்கு 75. தோசைக்கு 80 கிராம் மாவு என்றால் 120, அதோடு ஒரு தேக்கரண்டி எண்ணெய்க்கு 40 முதல் 45 வரை. எண்ணெயை விட்டுவிட்டுத் தானியத்தை மட்டும் கிராம் கிராமாக அளப்பதில் அர்த்தம் இல்லை. ஊற்றும்போது கரண்டியால் அளந்து ஊற்றுங்கள்.

சப்பாத்தியில் எடையே போட வேண்டாம், எண்ணினால் போதும். 300 கிராம் மாவைப் பிசைந்து பத்து உருண்டையாக்கினால் ஒன்றுக்கு 30 கிராம் மாவு, 96 கலோரி. கல்லில் போட்டதும் ஈரம் போய் எடை குறைந்துவிடும், ஆகவே சுட்ட சப்பாத்தியை எடை போட்டு, ஒரு கிராம் காய்ந்த மாவுக்கு உரிய 3.2ஆல் பெருக்கினாலும் தவறு, பிசைந்த மாவை எடை போட்டுப் பெருக்கினாலும் தவறு. சாம்பார்ப் பருப்புக்கும் அதே வழிதான்: போட்ட பருப்பு 150 கிராம், 500 கலோரி, குழம்பின் மொத்த எடையில் உங்கள் கரண்டியின் பங்கு எவ்வளவோ அவ்வளவு.

ஒருமுறை கண்டுபிடித்த 2.8ஐ ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ள முடியாது. பழைய அரிசி தண்ணீரை அதிகம் வாங்கும், புது அரிசி குறைவாக வாங்கும், சீக்கிரம் குழையும். ரேஷன் கடையில் இந்த மாதம் வாங்கிய அரிசிபோல அடுத்த மாதம் இருக்காது. ஒவ்வொரு முறை மூட்டை பிரிக்கும்போதும் முதல் இரண்டு உலைகளை மட்டும் எடை போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒட்டி வந்தால் அந்த எண்ணைத் தாளில் எழுதிவிடுங்கள், மூட்டை தீரும்வரை அதுவே போதும். 2.8க்கும் 2.9க்கும் இடையே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 200 கிராம் சோற்றில் அது ஒன்பது கலோரிகூட வராது. 2.8 எங்கே, 4.5 எங்கே என்பதைக் கவனித்தால் போதும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் இன்சுலின் போடுபவர்களும் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுத் தாங்களாகச் சோற்றைத் திடீரென்று குறைக்கக் கூடாது. மருந்தின் அளவு சாப்பாட்டை நம்பித்தான் எழுதப்படுகிறது, சாப்பாடு மட்டும் குறைந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். மருத்துவரிடம் போகும்போது "ஒரு வேளைக்கு 75 கிராம் அரிசி சாப்பிடுகிறார்" என்று அரிசிக் கணக்கில் சொல்லுங்கள். "ரெண்டு கரண்டி சாதம்" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. உணவுச் சீட்டில் கிராம் எழுதியிருந்தால் வெந்ததா வேகாததா என்று அங்கேயே கேட்டு, பேனாவால் பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.

கடைச் சாப்பாட்டில் மட்டும் இந்த முறை முழுதாகப் பலிக்காது. பர்மா பஜார் பக்கம் நின்று ஒரு தட்டு அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் சாப்பிட்டால் நூடுல்ஸ் காய்ந்த நிலையில் எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. வெந்த நூடுல்ஸ் 100 கிராமுக்கு 140 என்று நான் போட்டுக்கொள்கிறேன், அதன்மேல் எண்ணெய்க்காகக் குறைந்தது இரண்டு தேக்கரண்டி சேர்க்கிறேன். பிரியாணி என்றால் வீட்டுக்கு வாங்கி வந்து, கறியை எடுத்து வைத்துவிட்டுச் சோற்றை மட்டும் எடை போட்டு மூன்றால் வகுத்து அரிசிக் கணக்கு எழுதுகிறேன், கறியும் எண்ணெயும் தனி. மகனுக்குப் போட்டி நெருங்கும் வாரத்தில் இரண்டையும் வாங்குவதில்லை. மற்ற வாரங்களில் வாங்குகிறோம், தோராயமாக எழுதிவிட்டு அடுத்த வேளைக்கு மறுபடியும் பானையை எடை போடுகிறோம்.